பெட்டூனியா வேண்டாம், செண்டுமல்லி போடு

அன்புள்ள பாப்பா,

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். பெட்டூனியா தண்டு கொடி மாதிரி நீண்டு, அடி இலையெல்லாம் பழுத்து, நுனியில் ஒரே ஒரு பூவோடு நிற்கிறது. கீழே "என் கைக்குச் செடியே வராதும்மா" என்று வேறு எழுதியிருக்கிறாய். அப்படிச் சொல்லாதே, எனக்கு மனசு கேட்கவில்லை. அது கேமரன் மலைக் குளிரில் சிரிக்கிற செடி, கோலாலம்பூரில் இரவில்கூட 24, 25 டிகிரி என்றால் அது என்ன செய்யும்? அப்புறம் இன்னொன்று, இந்த மாதிரிப் பூச்செடிகள் எவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொண்டாலும் மூன்று நான்கு மாதம்தான். முளைத்து, பூத்து, விதை விட்டதும் ஓய்ந்துவிடும். பிடுங்கிப் போட்டுவிட்டு அடுத்த விதையைத் தூவ வேண்டியதுதான், அதற்காக யாரும் கையைக் குறை சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை.

நம் வெயிலுக்கு அசராதவை செண்டுமல்லி, கோழிக்கொண்டை, வாடாமல்லி, ஜினியா. உன் மாடிக் காற்றுக்குக் குட்டை ரகமாகப் பார்த்து வாங்கு, நெட்டை ரகம் சாய்ந்துவிடும். கம்பியில் தொங்கவிடப் பத்து மணிப் பூ நல்லது, இரண்டு நாள் தண்ணீர் ஊற்ற மறந்தாலும் தாங்கும்.

உன் பால்கனி தெற்குப் பார்த்தது அல்லவா? ஏப்ரலிலிருந்து ஆகஸ்டு வரை நம் ஊரில் உச்சிச் சூரியன் வடக்கே தள்ளி நிற்கும், அதனால்தான் இத்தனை நாளாக உனக்கு நேர் வெயில் விழவில்லை. அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரை தெற்குப் பக்கம் வரும். அப்போது உனக்கு நல்ல காலம். ஆனால் அதே அக்டோபர், நவம்பரில் சாயங்கால மழையும் கொட்டும், அதனால் தொட்டியின் ஓட்டை அடைபடாமல் பார்த்துக்கொள்.

மண்ணுக்கு இரண்டு பங்கு தோட்ட மண், ஒரு பங்கு தேங்காய் நார்த்தூள், ஒரு பங்கு மக்கிய உரம், கருக்கிய உமி கிடைத்தால் இரண்டு கை. விதை மேல் மண்ணை லேசாகத் தூவினால் போதும். செண்டுமல்லி ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும். 8 அங்குலத் தொட்டிக்கு இரண்டு நாற்று, அதற்கு மேல் ஆசைப்படாதே. நாலைந்து ஜோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ளிவிடு. உனக்குக் கிள்ள மனசு வராது என்று தெரியும், ஆனாலும் கிள்ளு, பக்கக் கிளை வெடித்து ஒரு பூ வருகிற இடத்தில் ஐந்தாறு வரும். வாடின பூவையும் உடனே கிள்ளிவிட வேண்டும், விட்டால் செடி விதையில் கவனம் வைத்துப் பூப்பதைக் குறைத்துவிடும். தீபாவளிக்குப் பூ வேண்டுமென்றால் இரண்டு மாதத்துக்கு மேல் இருக்கும்போதே விதைத்துவிடு.

காசித்தும்பை ஒன்றாவது வை, அதற்கு உச்சி வெயில் வேண்டாம், காலை வெயில் போதும். அதன் காய் பச்சையாக, மேலே மெல்லிய ரோமத்தோடு உப்பியிருக்கும். பழுத்ததும் விரல் பட்டால் போதும், படக்கென்று வெடித்துத் தோல் சுருண்டுகொள்ளும், பழுப்பு விதை கையெங்கும் சிதறும். ஒரு காகிதப் பையைக் காயின் மேல் மாட்டிவிட்டுத் தொடு. அந்த விதை இருந்தால் அடுத்த முறை காசு கொடுத்து வாங்க வேண்டாம்.

தொட்டிக்கு அடியில் தட்டு வைக்காதே. தேங்கிய தண்ணீரில் ஏடிஸ் முட்டையிட்டால் ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகிவிடும். நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கிற 1975 சட்டப்படி சுகாதாரத் துறை அபராதமும் போடும். அபராதத்தைவிட உனக்கு டெங்கி வந்துவிடுமோ என்பதுதான் எனக்குப் பயம். தட்டு வைத்தே ஆகவேண்டுமென்றால் அதில் மணலை நிரப்பு.

நாற்று வாங்க சுங்கை பூலோவுக்குப் போ. 1930-இல் தொழுநோயாளிகளுக்காகத் திறந்த குடியிருப்பு அது. குணமானவர்கள் பலர் அங்கேயே தங்கி, செடி வளர்த்து விற்றுப் பிழைத்தார்கள். அப்படி வளர்ந்ததுதான் இன்றைக்கு வரிசையாக இருக்கிற நர்சரிகள். மொத்தமாகப் பூத்து நிற்கிற செடியை எடுக்காதே, மொட்டு நிறைய இருக்கிறதாகப் பார். போகிற அன்றைக்கு எனக்கு வீடியோ கால் போடு, நானும் பினாங்கிலிருந்தே பார்த்துச் சொல்கிறேன்.

அம்மா