வெறுங்கையோடு திரும்பிய நாளையும் எழுதிக்கொள்ளுங்கள்: ஐரோப்பிய மீன்வள அமைச்சர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அமைச்சர்களே,

அக்டோபரில் லக்சம்பர்க்கில் கூடி பால்டிக் கடல் மீனைப் பங்கு பிரிக்கிறீர்கள். டிசம்பரில் பிரஸ்ஸல்ஸில் கூடி வடகடலுக்கும் அட்லாண்டிக்குக்கும் பங்கு பிரிக்கிறீர்கள். பேச்சு விடிய விடிய நடக்கும். காலையில் தூக்கக் கலக்கத்தோடு வெளியே வந்து நிருபர்களிடம் எண்களைச் சொல்வீர்கள். டன் கணக்கில் நீளும் அந்தப் பட்டியலின் கடைசியில் ஒற்றை இலக்கத்தில் ஓர் எண் இருக்கும்: ஓர் ஆள், ஒரு நாளைக்கு, இத்தனை மீன். அந்த எண் எனக்கானது. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

நான் வடஜெர்மனியில், கீல் நகரில் இருக்கிறேன். வாரநாளில் கிடங்கு வேலை, ஞாயிற்றுக்கிழமை தூண்டில். பிடிப்பது வீட்டுக் குழம்புக்கு. விற்க நினைத்தாலும் முடியாது, பொழுதுபோக்குக்குப் பிடித்த மீனைச் சந்தைக்குக் கொண்டுபோவதை உங்கள் சட்டமே தடுக்கிறது. சரியான சட்டம்தான், அதில் எனக்குக் குறையில்லை. இந்தத் தூண்டிலைக் கையில் எடுக்க ஜெர்மன் மொழியில் தேர்வு எழுதினேன். மீன் இனங்களை அடையாளம் காண்பதிலிருந்து, கொல்வதற்கு முன் தலையில் தட்டி மயக்க வேண்டும் என்பது வரை எல்லாம் கேட்டார்கள். கார் உரிமத்துக்குக்கூட நான் அவ்வளவு படிக்கவில்லை. இதே பால்டிக்கின் அக்கரையில், டென்மார்க்கில், பணம் கட்டினால் உரிமம் கையில் வந்துவிடும். தேர்வு கிடையாது. பிரான்சிலும் அயர்லாந்திலும் கடலில் தூண்டில் போட உரிமமே வேண்டாம். ஸ்பெயினில் மாநிலத்துக்கு மாநிலம் தனி உரிமம். மீனுக்கு எல்லை தெரியாது. அதைப் பிடிப்பவனைத்தான் நாட்டுக்கு நாடு வேறு ஆளாகப் பார்க்கிறீர்கள்.

எங்கள் பக்கத்துக் கதை காட் மீனின் கதை. பால்டிக் கரையில் அதற்கு டோர்ஷ் என்று பெயர். நான் வந்த புதிதில் ஹைலிகன்ஹாஃபன் துறைமுகத்தில் விடியற்காலை ஆறு, ஏழு மணிக்கே கூட்டம் நெரியும். கட்டணம் வாங்கிக்கொண்டு நாற்பது ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு போகும் தூண்டில் படகுகள் வரிசையாக நிற்கும். ஜெர்மனியின் தெற்கிலிருந்து பேருந்து பிடித்து வருவார்கள். மாலையில் ஒவ்வொருவர் வாளியிலும் பத்துப் பதினைந்து டோர்ஷ் கிடக்கும். யாரும் எண்ணியதில்லை, எண்ண வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவும் இல்லை.

2017-இல் முதன்முறையாக மேற்கு பால்டிக்கில் ஆளுக்கு நாளொன்றுக்கு 5 டோர்ஷ் என்று வரம்பு வைத்தீர்கள். அதே ஆண்டு வணிகப் படகுகளின் பங்கை 56 சதவீதம் வெட்டினீர்கள். முட்டையிடும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் எங்களுக்கு 3. முட்டையிடும் மாதத்தில் ஏன் மூன்று, ஏன் பூஜ்யம் இல்லை என்று அப்போதே படகில் ஒரு கிழவர் கேட்டார். யாரிடமும் பதில் இல்லை. 2016-இல் பிறந்த குஞ்சுகள் நன்றாக வந்திருக்கின்றன என்று விஞ்ஞானிகள் சொன்னதும் 2019-இல் வரம்பை 7 ஆக்கினீர்கள். அந்த ஒரு வருடக் குஞ்சுகளை நம்பி எல்லோரும் வயிறு வளர்த்தோம், மீன்பிடிப் படகும் நாங்களும் சேர்ந்து. அடுத்த ஆண்டு மறுபடி 5. 2022-இல் 1. 2024-இல் பூஜ்யம். வணிகப் படகுகளுக்கும் இப்போது, வேறு மீனுக்குப் போட்ட வலையில் தானாக விழும் டோர்ஷுக்கு மட்டும் சிறு அளவு.

ஐந்து, ஏழு, ஐந்து, ஒன்று, பூஜ்யம். படகுக்காரர் கடன் வாங்கி இயந்திரம் மாற்றிய வருடம் ஏழு, கடன் தவணை கட்டிய வருடம் ஒன்று. நான் ஏறிப்போன படகுகளில் சிலவற்றை இப்போது துறைமுகத்தில் காணோம்.

எங்களைக் குற்றமற்றவர்களாகக் காட்ட இதை எழுதவில்லை. தூண்டில்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. "ஒரு தூண்டிலால் கடல் வற்றிவிடுமா?" என்று கேட்டுவிட்டு, இழுவைப்படகைக் கைகாட்டிவிட்டுப் போய்விடுவோம். நானும் கேட்டிருக்கிறேன். ஒரு தூண்டிலால் வற்றாது, சரி. ஆனால் ஐரோப்பா முழுவதும் கடலில் பொழுதுபோக்குக்கு மீன்பிடிப்பவர்கள் சுமார் 87 லட்சம் பேர் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். ஆண்டுக்கு 7 கோடியே 76 லட்சம் நாள்கள் கடலில் நிற்கிறோம், 590 கோடி யூரோ செலவு செய்கிறோம். மேற்கு பால்டிக் டோர்ஷில் ஜெர்மன் தூண்டில்காரர்கள் மட்டுமே ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான டன் எடுத்த காலம் உண்டு. ரோஸ்டாக்கில் உள்ள த்யூனன் என்ற மீன்வள ஆய்வு நிறுவனத்துக்காரர்கள் படகுத்துறையில் நின்றும், தொலைபேசியில் கேட்டும் அதைக் கணக்கெடுத்தார்கள். அந்தக் கணக்கு வரும்வரை, அத்தனை மீனும் ஏட்டில் ஏறாமலே வாளியில் போய்க்கொண்டிருந்தது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள் எங்கள் ஊரில். நாங்கள் கடலிலிருந்து எடுத்ததை அளக்கவில்லை. நீங்களும் அளக்கச் சொல்லவில்லை.

வெட்ட வேண்டும் என்றால் வெட்டுங்கள். ஆனால் எண்ணிவிட்டு வெட்டுங்கள். என் குறை அவ்வளவுதான்.

எண்ணாமல் வெட்டினால் என்ன ஆகும் என்பதற்கு சீபாஸ் மீன் சாட்சி. (பெயரைப் பார்த்து நம் கொடுவா என்று நினைத்துவிட வேண்டாம். இது வேறு மீன், ஐரோப்பியக் கடல் மீன்.) ஆங்கிலக் கால்வாயிலும் வடகடலிலும் அது வேகமாகக் குறைந்தபோது, 2015-இன் தொடக்கத்தில், முட்டையிடக் கூடும் கூட்டத்தை இழுவலை வாரிக்கொண்டு போவதை அவசரமாகத் தடுத்தீர்கள். நல்ல வேலை. ஆளுக்கு 3 மீன் என்று வரம்பு வைத்தீர்கள். குறைந்தபட்ச நீளத்தை 36 சென்டிமீட்டரிலிருந்து 42-க்கு உயர்த்தினீர்கள். பெண் மீன் ஒரு முறையாவது முட்டையிட்ட பிறகு பிடிபடட்டும் என்பதுதான் இதன் கணக்கு, அதுவும் நல்ல வேலை. அப்புறம் 2018 வந்தது. தூண்டில் போட்டுப் பிழைக்கும் வணிகப் படகுக்கு ஆண்டுக்கு 5 டன் வரை. கரையில் நிற்கும் ஆளுக்கு ஆண்டு முழுக்கப் பூஜ்யம், பிடித்தால் திரும்ப விட வேண்டும். பிழைப்புக்காரனுக்கு முன்னுரிமை கொடுத்ததை நான் தப்பென்று சொல்ல மாட்டேன், அவனுக்கு அது சோறு. ஆனால் அந்தப் பூஜ்யத்துக்கு எதை வைத்துக் கணக்குப் போட்டீர்கள்? பாதி வருடத்தில் நீங்களே கணக்கைத் திருப்பிப் பார்த்து, அக்டோபரிலிருந்து நாளொன்றுக்கு ஒரு மீன் என்று மாற்றினீர்கள். அதற்குள் கால்வாயின் இரண்டு கரையிலும் உங்கள் சொல்லுக்கு இருந்த மதிப்பு போய்விட்டது. மீன் திரும்பி வந்தாலும் அந்த மதிப்பு திரும்பி வர நாளாகும்.

"திரும்ப விடு" என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தாளில் அது பூஜ்யம். கடலில் அப்படி இல்லை. தூண்டிலில் பிடித்துத் திரும்ப விட்ட சீபாஸில் சுமார் 5 சதவீதம் செத்துப்போகிறது என்று ஆய்வு சொல்கிறது. டோர்ஷில் சுமார் 11 சதவீதம். தட்டை மீனுக்குத் தூண்டில் போட்டால் டோர்ஷும் வந்து கடிக்கும், அதற்குத் தடை ஆணை தெரியாது. தூண்டில் முள்ளைத் தொண்டைவரை விழுங்கியிருந்தால் இழுத்துப் பிடுங்குவதைவிடத் தூண்டில் நரம்பை அறுத்துவிடுவது நல்லது. கை நனைத்துப் பிடிக்க வேண்டும், கரையில் போட்டுப் புரட்டக் கூடாது. இதெல்லாம் தேர்வு எழுதிய எனக்குத் தெரியும். உரிமமே தேவையில்லாத கரையில் நிற்கும் ஆளுக்கு யார் சொல்லிக்கொடுப்பது? தடைக்கு ஒரு வரி எழுதினால், திரும்ப விடும் முறைக்கு ஒரு பக்கம் எழுத வேண்டும்.

இப்போது புதுக் கணக்குக்கு வருகிறேன். 2023-இல் நிறைவேற்றிய கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, 2026 ஜனவரி 10 முதல், குறிப்பிட்ட சில மீன் இனங்களைப் பிடிப்பவர்கள் பதிவு செய்துகொண்டு, பிடித்ததை மின்னணு முறையில் தெரிவிக்க வேண்டும். அதற்கென ரெக்ஃபிஷிங் என்று கைபேசிச் செயலியும் செய்திருக்கிறீர்கள். என் கூட்டாளிகளில் பாதிப்பேர் இதைத் திட்டுகிறார்கள். நான் வரவேற்கிறேன். பத்து வருடம் முன்பே வந்திருக்க வேண்டும்.

வரவேற்றுவிட்டு இதையும் சொல்கிறேன். கரையில் வந்து பாருங்கள். ஞாயிறு காலை அலைதாங்கியின் மேல் நிற்பவர்களில் போலந்துக்காரர் உண்டு, ரஷ்ய மொழி பேசுபவர் உண்டு, துருக்கியர், வியட்நாமியர், எங்களைப் போன்ற தமிழர் உண்டு. நான் வழக்கமாகப் போகும் ஒரு துறைமுகத்தில் விதிகள் ஒரு பலகையில், ஜெர்மன் மொழியில், அதுவும் பழைய வருடத்து எண்களோடு தொங்கின. டோர்ஷ் தடை வந்து மாதங்கள் கழித்தும் அங்கே பழைய எண்தான். அதைப் படித்து, நம்பி, மீனைப் பையில் போட்ட ஒருவருக்கு அபராதம் விழுந்ததை நான் நேரில் பார்த்தேன். சட்டம் தெரியாது என்பது சாக்கு இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பலகையையும் ஒரு சாட்சியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். மீனின் படம், நீளக்கோடு, ஓர் எண், ஒரு தேதி. இதற்கு மொழியே வேண்டாம், வருடத்துக்கு ஒரு முறை ஸ்டிக்கர் மாற்றினால் போதும்.

அடுத்தது, நம்பிக்கை. தூண்டில்காரன் தன் இடத்தைச் சொந்தத் தம்பிக்கும் சொல்ல மாட்டான். மீன்பாடு எங்கே என்று கேட்டால் எதிர்த்திசையில் கைகாட்டுவான். அப்படிப்பட்டவனிடம் இடத்தையும் எண்ணிக்கையையும் கேட்கிறீர்கள். சொன்னால் அடுத்த டிசம்பரில் அதையே காட்டி வெட்டிவிடுவார்கள் என்பதுதான் படகில் ஓடும் பேச்சு. "உண்மையைச் சொன்னவனுக்கு ஒன்று, சொல்லாதவனுக்கு இரண்டு" என்று கேலி செய்கிறார்கள். இந்தப் பேச்சை விளம்பரத்தால் அடக்க முடியாது. நாங்கள் கொடுத்த எண் எங்கே போனது, அதிலிருந்து விஞ்ஞானிகள் எந்த முடிவுக்கு வந்தார்கள், அதில் நீங்கள் எதை ஏற்றீர்கள், எதை ஏற்கவில்லை என்பதை வருடத்துக்கு ஒரு முறை ஒரே ஒரு பக்கத்தில், எங்களுக்குப் புரிகிற மாதிரி அனுப்புங்கள். அதே செயலியிலேயே அனுப்பலாம். மீனைக் கேட்கத் தெரிந்த செயலிக்குப் பதில் சொல்லவும் தெரிய வேண்டாமா?

வரம்பை வருடத்துக்கு ஒரு முறை ஆட்டாமல், மூன்று வருடத்துக்காவது ஒரே எண்ணாக வையுங்கள். மீன் பெருகினால் மெதுவாக ஏற்றுங்கள். ஐந்திலிருந்து ஏழுக்குப் போன அந்த 2019-ஐ மறக்க வேண்டாம். எங்களில் யாரும் அந்த 7-ஐ வேண்டாம் என்று சொல்லவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

கடைசியாக, இந்த மடலை எழுத வைத்த விஷயம். சட்டம் கேட்பது பிடித்த மீனை. பிடிபடாத நாளை அது கேட்கவில்லை. நூறு பேர் நூறு மீன் பிடித்ததும், ஆயிரம் பேர் நூறு மீன் பிடித்ததும் கடலைப் பற்றி ஒரே செய்தியா? நின்ற மணி நேரம் தெரியாமல் பிடித்த மீனின் எண்ணிக்கைக்குப் பாதி அர்த்தம்தான். டோர்ஷ் குறைவது எங்களுக்கு முதலில் தெரிந்ததே வெறும் வாளிகளால்தான். 2014, 2015 வாக்கிலேயே சிறுமீன் கடிப்பது குறைந்துவிட்டதே என்று படகில் பேசிக்கொண்டோம். அதை எழுதிவைக்க ஏடு இல்லை, கேட்க ஆளும் இல்லை.

போன ஞாயிறு கீல் வளைகுடாவின் கரையில் ஐந்து மணி நேரம் நின்றேன். தென்மேற்குக் காற்று, தண்ணீர் கொஞ்சம் கலங்கல், இரை மணற்புழு. ஒரு தட்டை மீன் வந்தது. அளவு போதாது, விட்டுவிட்டேன், நீந்திப் போனது. வேறொன்றும் இல்லை. இந்த ஐந்து மணி நேரத்தை உங்கள் ஏட்டில் நான் எந்தக் கட்டத்தில் எழுத வேண்டும்?

கீல் நகரிலிருந்து,
ஒரு தூண்டில்காரன்