பற்றுச்சீட்டில் பெயர் வராதவர்களுக்கு

எங்கள் ஊரில் நன்றி நவிலல் என்றால் அது இறந்தவருக்கான அந்தியேட்டிச் சடங்கு முடிந்த பிறகு பத்திரிகையில் வருவது. பயப்பட வேண்டாம், அம்மா நலமாக இருக்கிறார். இரண்டு முழங்கால்களும் மாற்றப்பட்டு, கிணற்றடி வரை தானே நடந்துபோய், நாங்கள் துணி துவைத்த இலட்சணத்தைப் பற்றி நாலு வார்த்தை சொல்லிவிட்டும் வருகிறார்.

சத்திரசிகிச்சை செய்த சென்னை மருத்துவமனைக்குரிய பணத்தைக் கட்டிவிட்டோம், நன்றியையும் நேரிலேயே சொல்லிவிட்டோம். இந்த மடல், அந்தப் பற்றுச்சீட்டில் பெயர் வராதவர்களுக்கு.

முதல் நன்றி, யாழ்ப்பாணத்து அரச வைத்தியசாலையின் எலும்பியல் வைத்திய நிபுணருக்கு. இங்கே காத்திருக்க வேண்டியவர்கள் பலர் என்பதை அவர் மறைக்கவில்லை. இந்தியாவுக்குக் கொண்டுபோகப் போகிறோம் என்றபோது முகம் சுளிக்கவும் இல்லை. அம்மாவின் நீரிழிவு, இரத்த அழுத்தம், குளிசைகளின் அளவு எல்லாவற்றையும் ஒரு கடிதத்தில் எழுதித் தந்து, சீனியைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகே விமானச்சீட்டு எடுங்கள் என்றார். திரும்பி வந்தபின் காயத்தைப் பார்த்ததும் பயிற்சி கொடுத்ததும் அதே வைத்தியசாலைதான், ஒரு சதமும் வாங்காமல். வெளிநாட்டு வைத்தியம் என்று ஊரில் பெருமையாகப் பேசுகிறார்கள். அதில் பாதி இங்கே நடந்தது.

இந்தியாவின் இணையவழி மருத்துவ விசாவான இ-மெடிக்கல் விசாவை விண்ணப்பித்துத் தந்த சந்தியடித் தம்பிக்கு அடுத்த நன்றி. மருத்துவமனையின் கடிதத்தை இணைக்க வேண்டும், நோயாளியோடு போகும் இருவருக்குத் துணையாளர் விசா தனியாக உண்டு என்பதெல்லாம் அவர் சொல்லித்தான் தெரியும். அதற்கு முன்பு ஒரு தரகர் வந்து, எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். எதற்கு எவ்வளவு என்று கேட்டதும் ஆளையே காணவில்லை. போன மகராசனுக்கும் ஒரு நன்றி.

யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னைக்குச் சிறிய விமானம்தான், ஒன்றேகால் மணி நேரத்துப் பயணம். கொழும்புக்கு இரவு முழுவதும் பஸ்ஸில் போய்ப் பிறகு பறப்பதென்றால் அம்மா வந்திருக்கவே மாட்டார். அவரைப் படியேற்றிவிட்ட விமான நிலைய ஊழியர்களே, நீங்கள் மூட்டையைத் தூக்குவது போலத் தூக்காமல், ‘அம்மா, பிடித்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லிச் சொல்லி ஏற்றியதை அவர் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஆயிரம் விளக்குப் பகுதியில், இலங்கைக் கடவுச்சீட்டைக் கண்டதுமே அறை இல்லை என்ற விடுதிகள் உண்டு. வெளிநாட்டவர் தங்கினால் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் அவருடைய விவரத்தை இணையத்தில் ஒரு படிவத்தில் பதிய வேண்டும். அந்தத் தொல்லை எதற்கு என்று நினைக்கிறார்கள். கிரீம்ஸ் சாலைச் சந்தொன்றில் எங்களுக்குத் தரைத்தளத்து அறையை ஒதுக்கித் தந்த விடுதி மேலாளர் ஐயா, நீங்கள் அந்தப் படிவத்தை எங்கள் கண்முன்னே நிரப்பிவிட்டு, சமையலுக்கு அடுப்பும் இரண்டு சட்டிகளும் கொடுத்தீர்கள். விடுதிச் செலவைக் குறைத்தது அந்த அடுப்புத்தான்.

அடுத்த அறையில் இருந்தவர் வங்காளதேசத்துச் சிட்டகாங்கிலிருந்து கணவரின் இருதய சிகிச்சைக்கு வந்திருந்த அக்கா. அந்தச் சந்தின் பெயர்ப்பலகைகளில் பாதி வங்காளத்தில் இருக்கும், அவருக்குக் கடைத்தெருவில் சிரமமில்லை. அவருக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்கு வங்காளம் தெரியாது. அரிவாள்மணையைக் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அவர் மீன் அரிந்ததை அம்மா கதவருகில் நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். மறுநாள் முதல் எங்கள் அறைக்கு ஒரு கிண்ணம் மீன்குழம்பு வந்தது, இங்கிருந்து மிளகாய்த்தூள் அங்கே போனது. அவர் இதை வாசிக்கப் போவதில்லை. ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

மருத்துவமனையின் கணக்குப் பிரிவில் இருந்த பெண்ணுக்குத் தனி நன்றி. 2017 ஆகஸ்டில் இந்திய அரசு முழங்கால் உள்வைப்புகளுக்கு, அதாவது உள்ளே பொருத்தும் செயற்கை மூட்டுகளுக்கு, உச்சவிலை விதித்தது. அதிகம் பயன்படும் கோபால்ட்-குரோமியம் உலோக வகைக்கு அப்போது வரி நீங்கலாக 54,720 இந்திய ரூபாய். அது உள்வைப்புக்கு மட்டும். அறை, அறுவை அரங்கு, வைத்தியர் கட்டணமெல்லாம் வேறு. இதை விளக்கிவிட்டு, எந்த வகை, என்ன விலை என்பதை முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள் என்று அவரே சொன்னார். பிறகு உள்வைப்புப் பெட்டியிலிருந்து உரித்துக் கோப்பில் ஒட்டியிருந்த சிட்டைகளைக் காட்டி, தொடர் எண்ணைக் குறித்துக்கொள்ளச் சொன்னார். அம்மாவோ இட்லி விலையைக்கூட மூன்றரையால் பெருக்கி இலங்கை ரூபாயாக்கிப் பெருமூச்சு விடுகிறவர். அந்தப் பெண்ணிடம் மட்டும் பெருக்காமல் பேசினார்.

இயன்மருத்துவத் தங்கையே, முழங்காலை மடக்கும்போது அம்மா உங்களைத் திட்டியதற்கெல்லாம் மன்னிக்கவும். ‘திட்டுங்கள், ஆனால் மடக்குங்கள்’ என்றீர்கள். மடங்குகிறது.

இந்தச் செலவுக்குப் பணம் தந்த ரொறன்ரோச் சித்தி, பாரிஸ் மாமா, ஊர் இளைஞர்கள், பெயரைச் சொல்லவே கூடாது என்று கடித உறையில் பணம் வைத்த ஆசிரியை, எல்லோருக்கும் கடன்பட்டிருக்கிறோம். கால்களில் இரத்தம் கட்டிவிடும் என்று வைத்தியர் உடனே பறக்க விடாததால் சென்னையில் நினைத்ததைவிடக் கூடுதலாகத் தங்க நேர்ந்தது. அந்தச் செலவைச் சித்தி சத்தமில்லாமல் ஏற்றுக்கொண்டார்.

வரவு செலவுக் கணக்கைச் சனசமூக நிலையத்தில் வைத்திருக்கிறோம், யாரும் பார்க்கலாம். மிஞ்சிய பணமும் அங்கேதான் இருக்கிறது, அடுத்து யார் போகிறார்களோ அவர்களுக்கு. நடைச்சட்டமும், மலசலகூடத்துக்கான உயர இருக்கையும் எங்கள் வீட்டில் உள்ளன. தேவையானவர்கள் மாலையில் வாருங்கள், காலையில் அம்மா பயிற்சியில் இருப்பார்.