அறுபத்தைந்து விழுக்காடு மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொடுமையின் உளவியல் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராமின் மின்னதிர்ச்சிச் சோதனையைக் காட்டி, உத்தரவு வந்தால் மூவரில் இருவர் எதையும் செய்வார்கள் என்று முடிக்கிறது. எண் சரிதான். ஆனால் அது ஓர் ஏற்பாட்டில் கிடைத்த எண்.

1961இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய சோதனை அது. வந்தவர் இன்னொருவரிடம் கேள்வி கேட்க வேண்டும்; அவர் தவறும் ஒவ்வொரு முறையும், ஆய்வாளர் சொல்படி, விசையை ஒரு படி ஏற்றி அவருக்கு மின்னதிர்ச்சி கொடுக்க வேண்டும். முதல் அறிக்கையில் 40 ஆண்கள். ஆளுக்கு 4 டாலர், வழிச்செலவுக்கு 50 சென்ட். வந்ததற்கே அந்தப் பணம் என்று முதலிலேயே சொல்லிவிட்டதால், காசுக்காகச் செய்தார்கள் என்றும் தள்ளிவிட முடியாது. கருவியில் 30 விசைகள். 15 வோல்ட்டில் தொடங்கி, பதினைந்து பதினைந்தாக ஏறி, 450இல் முடியும். பக்கத்து அறையில் அடிபட்டவர் நடித்தார், மின்சாரம் பாயவில்லை. 26 பேர், அதாவது 65 விழுக்காடு, கடைசி விசை வரை போனார்கள். கொடுமையின் சூட்சுமம் அந்தப் பதினைந்தில்தான் இருக்கிறது என்பேன். 195 கொடுத்தவர் 210ஐ மறுத்தால், 195 மட்டும் எப்படிச் சரியாயிற்று என்று தனக்கே பதில் சொல்லியாக வேண்டும்.

ஏற்பாட்டை மாற்றியபோது என்ன ஆயிற்று என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. அடிபடுபவரை அதே அறையில் உட்கார வைத்தால் 40 விழுக்காடு. அவர் கையைப் பிடித்து அதிர்ச்சித் தகட்டில் அழுத்தச் சொன்னால் 30. ஆய்வாளர் வெளியே போய்த் தொலைபேசியில் உத்தரவிட்டால் ஐந்தில் ஒருவர்தான். அப்போதும் சிலர் 'ஏற்றிவிட்டேன்' என்று பொய் சொல்லிவிட்டுக் குறைந்த விசையையே அழுத்திக்கொண்டிருந்தார்கள். (இந்தச் சின்ன ஏமாற்றை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை!) அதே வேலைக்கு வந்தவர்கள்போல் உடனிருந்து நடித்த இருவர் மறுத்து எழுந்தபோது கடைசி வரை போனவர்கள் 40இல் 4 பேர். விசையை வேறொருவர் அழுத்த, தான் கேள்வி மட்டும் கேட்டால் போதும் என்றபோதோ 37 பேர்.

இன்னொன்று. தயங்குபவரிடம் சொல்ல நான்கு வாக்கியங்கள் வரிசையாக இருந்தன. இரண்டாவது, ஆய்வுக்கு இது தேவை என்பது. நான்காவது, உங்களுக்கு வேறு வழியில்லை, தொடர்ந்தே ஆகவேண்டும் என்பது. உளவியலாளர் ஜெரி பர்கர் 150 வோல்ட்டோடு நிறுத்திக்கொண்டு இதைத் திரும்பச் செய்து 2009இல் வெளியிட்டார். அதில் நான்காவது வாக்கியத்தைக் கேட்ட பிறகு ஒருவரும் தொடரவில்லை. அதட்டல் பலிக்கவில்லை, அறிவியலுக்கு உதவுகிறோம் என்ற நினைப்புதான் பலித்தது. ஆக, வெறும் கீழ்ப்படிதல் என்ற விளக்கமே ஆட்டம் காண்கிறது.

கட்டுரை நாஜிகளையும் இழுப்பதால் ஒரு சான்று. 1942 ஜூலை 13 அன்று போலந்தின் யூசெஃபூவ் ஊரில், யூதர்களைச் சுட அனுப்பப்பட்ட ஜெர்மனியின் 101ஆம் சேமக் காவல் படைப்பிரிவிடம் அதன் தலைவர் மேஜர் டிராப், சுட முடியாத மூத்தவர்கள் விலகிக்கொள்ளலாம் என்று வெளிப்படையாகச் சொன்னார். ஐந்நூறுக்குச் சற்றுக் குறைவான அந்தப் படையில் அப்போது விலகியவர்கள் சுமார் ஒரு டஜன் பேர். அவர்களுக்குத் தண்டனை கிடைக்கவில்லை. மற்றவர்கள் அன்று ஏறத்தாழ 1,500 யூதர்களைக் கொன்றார்கள். இதை ஆராய்ந்த வரலாற்றாளர் கிறிஸ்டஃபர் பிரௌனிங், மேலதிகாரியின் கட்டளையைவிட, சக காவலர்முன் கோழையாகத் தெரிந்துவிடுவோமோ என்ற கூச்சத்துக்கே அதிக எடை தருகிறார்.

இப்படிக்கு,
வாசகர், தஞ்சாவூர்