பெற்றோர் கவனத்திற்கு: பிள்ளைகளும் போதைப் பழக்கமும்

அனைவருக்கும் வணக்கம். இதுபற்றிப் பேச வரும் சனிக்கிழமை மாலை 6 மணிக்கு நம் குழுவிலேயே வீடியோ அழைப்பு. அதற்கு முன்:

1. வீட்டிலுள்ள வலி, தூக்க, பதற்ற மாத்திரைகளை எண்ணி எழுதிவைத்துப் பூட்டுங்கள். இருமல் மருந்தையும் சேர்த்துத்தான்.

2. ஒரே அறிகுறியை வைத்து முடிவு கட்டாதீர்கள். கண் சிவப்பு கஞ்சாவாலும் வரும், அலர்ஜியாலும் வரும். தூக்கம், நண்பர்கள், படிப்பு, பணத் தேவை எனப் பலவும் சேர்ந்து மாறினால் கவனியுங்கள்.

3. உடையில் தின்னர் அல்லது பசை வாடை, வாயைச் சுற்றிப் புண் இருந்தால் முகரும் போதையாக இருக்கலாம். பலர் இதைச் சாதாரணமாக நினைக்கிறார்கள். முதல் முறையிலேயே இதயம் நின்றுபோகலாம். முகர்வதைக் கண்டால் கத்தவோ துரத்தவோ வேண்டாம், அந்தப் பதற்றமே இதயத்துடிப்பைக் குலைத்துவிடும். ஜன்னலைத் திறந்து, அமைதியாக உட்கார வையுங்கள்.

4. போதையில் இருக்கும்போது விசாரணை வேண்டாம். தெளிந்த பிறகு கேளுங்கள். ரகசியமாகச் சிறுநீர்ச் சோதனை செய்யாதீர்கள்: முடிவு தவறலாம், நம்பிக்கையும் போய்விடும். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

5. எழுப்பியும் எழவில்லை, மூச்சு மந்தம், உதடு நீலம் என்றால் உடனே ஆம்புலன்ஸ். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். "தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்" என்று தனியே விடவே கூடாது.

வருபவர்கள் வெள்ளி இரவுக்குள் "வருகிறேன்" என்று பதிலிடுங்கள். கேள்விகளை எனக்குத் தனியாக அனுப்புங்கள்; எந்தப் பிள்ளையின் பெயரையும் குழுவில் எழுத வேண்டாம்.