கிணற்று வீடு வாங்குவோர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் வீடு விற்பனைப் பக்கங்களில் அண்மைக்காலமாக ஒரு வரி அடிக்கடி கண்ணில் படுகிறது: ‘அரை ஏக்கர் காணி, சொந்தக் கிணறு, தண்ணீர் பில் இல்லை.’ ரொறன்ரோ விலை கட்டுப்படியாகாமல் நம்மவர்கள் நகருக்கு வடக்கே டஃபரின், சிம்கோ பக்கம் வருகிறார்கள். நானும் அப்படி வந்தவன்தான். அந்த விளம்பரத்தோடு இன்னொரு வரியும் சேர்த்தால் நேர்மையாக இருக்கும்: அந்தத் தண்ணீர் பழுதானால் சொல்வதற்கு ஒருவரும் வரமாட்டார்கள்.

2000 மே மாதம் இதே ஒன்ராறியோவின் வோக்கர்ட்டனில் நடந்தது இன்றைய இளம் குடும்பங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஏறக்குறைய 4,800 பேர் வாழ்ந்த ஊர். குடிநீர் நகரசபைக் கிணறுகளிலிருந்து வந்தது. மே 8 முதல் 12 வரை 134 மில்லிமீற்றர் மழை கொட்டி, பக்கத்துப் பண்ணையின் மாட்டெருவை 5ஆம் இலக்கக் கிணற்றுக்குள் இறக்கிவிட்டது. பண்ணைக்காரர் எல்லாம் முறைப்படியே செய்திருந்தார். அவரில் பிழையில்லை என்று விசாரணை செய்த நீதிபதி ஓ’கொனரே சொன்னார். குளோரின் போடவேண்டியவர்கள் ஒழுங்காகப் போடாமல், போட்டதாக ஆண்டுக்கணக்கில் பொய்க் கணக்கு எழுதி வந்திருக்கிறார்கள். 17ஆம் திகதி ஆய்வுகூடம் ‘ஈகோலை (மலத்திலிருந்து வரும் பக்டீரியா) இருக்கிறது’ என்று தொலைநகல் அனுப்பியது. தண்ணீர்ச் சபை முகாமையாளர் அதை மறைத்தார். வயிற்றோட்டத்தில் இரத்தம் போகும் பிள்ளைகளைக் கண்டு சந்தேகப்பட்ட சுகாதாரப் பகுதியினர் கேட்டபோதும் ‘தண்ணீரில் குறையில்லை’ என்றார். சபை ஊழியர் ஒருவர் பெயர் சொல்லாமல் சுற்றாடல் அமைச்சுக்குத் தொலைபேசியில் உண்மையைச் சொன்னார். அந்த மனிதருக்கு ஒரு கும்பிடு.

21ஆம் திகதி, விக்டோரியா தின நீண்ட வார இறுதியின் ஞாயிற்றுக்கிழமை. சுகாதாரப் பகுதி தன் சொந்தப் பரிசோதனை முடிவு வரும்வரை காத்திராமல் ‘தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள்’ என்று அறிவித்தது. அந்தத் துணிவைக் குறைசொல்ல முடியாது. ஆனால் அறிவித்தது உள்ளூர் வானொலியில் மட்டும். வீடு வீடாகத் துண்டுப்பிரசுரம் போகவில்லை. அன்றைக்கே செய்தி அறிந்தவர்கள் ஊரில் பாதிப்பேர்கூட இல்லை. நான் அப்போது ட்ரக் ஓட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் கிழமை போத்தல் தண்ணீர் இறக்கப் போன இடத்தில் ஒருவர் சொன்னார், தனக்குத் திங்கள் இரவு பக்கத்து வீட்டார் சொல்லித்தான் தெரியும் என்று. அதுவரை பிள்ளைகளுக்குக் குழாய்த் தண்ணீரில்தான் பழரசம் கரைத்துக் கொடுத்திருக்கிறார். ஊரில் 7 பேர் இறந்தார்கள், ஏறக்குறைய 2,300 பேர் நோயுற்றார்கள். கொதிக்கவைக்கும் அறிவித்தல் டிசம்பர் 5 வரை நீடித்தது.

அங்கே பிந்தியாவது சொல்ல ஒரு சுகாதாரப் பகுதி இருந்தது. அதன்பிறகு வந்த சட்டங்கள் நகரசபைத் தண்ணீரை நன்றாகவே இறுக்கிவிட்டன. உங்கள் வளவுக்குள் இருக்கும் கிணறு உங்கள் பொறுப்பு. குளோரின் போடுவதும் நீங்கள், சோதிப்பதும் நீங்கள்.

யாழ்ப்பாணத்துக் கிணற்றில் வளர்ந்த எங்களுக்கு ஒரு மிதப்பு உண்டு: தண்ணீர் கண்ணாடிபோல் இருக்கிறது, ருசியாக இருக்கிறது, பிறகென்ன? அங்கே சுன்னாகத்தில் நிலத்தடி நீரில் கழிவெண்ணெய் கலந்தபோது சில கிணறுகளிலாவது படலம் கண்ணுக்குத் தெரிந்தது. ஈகோலைக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

செய்யவேண்டியது சின்ன வேலை. பொதுச் சுகாதார அலுவலகத்தில் போத்தல் இலவசமாகத் தருவார்கள். உள்ளே இருக்கும் தூளைக் கழுவி ஊற்றிவிடாதீர்கள், அது இருக்கத்தான் வேண்டும். குழாய் நுனியிலுள்ள சல்லடையைக் கழற்றி, சற்று நேரம் தண்ணீரை ஓடவிட்டுப் பிடியுங்கள். குளிராக வைத்து, 48 மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடம் போய்ச்சேர வேண்டும். பனி உருகியபின்னும் பெருமழைக்குப் பின்னும் கட்டாயம் செய்யுங்கள். இந்தப் பரிசோதனை பக்டீரியாவுக்கு மட்டுமே. நைத்திரேற்று (உரம், எருவிலிருந்து தண்ணீரில் சேரும் இரசாயனம்), ஈயம் பார்ப்பதென்றால் தனியார் ஆய்வுகூடத்துக்குக் காசு கட்டவேண்டும். கைக்குழந்தை உள்ள வீட்டில் நைத்திரேற்றை விட்டுவிடாதீர்கள்.

இந்த இலவசப் பரிசோதனையைப் படிப்படியாக நிறுத்தும் யோசனை ஒன்று இருப்பது 2023 டிசம்பரில் ஒன்ராறியோ கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கையில் வெளிவந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும், அப்படி முடிவெடுக்கவில்லை என்றது மாகாண அரசு. முடிவெடுக்காதது நல்லதுதான். எடுக்காமலே இருப்பார்கள் என்று நம்பி எங்கள் மாகாணசபை உறுப்பினருக்குக் கடிதம் எழுதாமல் இருந்துவிடக் கூடாது.

உங்களிடம் கேட்பது இரண்டு. வீடு விற்பனைப் பக்கத்தின் ஓரத்தில், போத்தல் எடுக்கும் முறையை ஒரு சின்னப் பெட்டிச் செய்தியாகத் தமிழில் போடுங்கள். எந்த ஊரிலாவது தண்ணீரைக் கொதிக்கவைக்கும் அறிவித்தல் வந்தால், அடுத்த இதழ்வரை வைத்திராமல் அன்றைக்கே உங்கள் இணையப் பக்கத்தில் தமிழில் ஏற்றுங்கள். ஆங்கில வானொலி கேட்காத அம்மம்மாமார்தான் பகல் முழுவதும் வீட்டில் பிள்ளைகளோடு இருக்கிறார்கள்.

ஒரு வாசகர்,
டஃபரின் கவுண்டி, ஒன்ராறியோ