சம்பல் டப்பாவுக்கு அடியில் ஒரு கடிதம்

பிறை, பினாங்கு, சனிக்கிழமை இரவு

அன்புள்ள பாப்பா,

பக்கத்து வீட்டு அண்ணன் நாளைக் காலையில் காடி எடுத்துக்கொண்டு கோலாலம்பூர் போகிறாராம். "பாப்பாவுக்கு ஏதாவது கொடுக்கணும்னா கொடுங்க" என்றார். நெத்திலி சம்பல் கிண்டி வைத்திருக்கிறேன். டப்பாவுக்கு அடியில் இந்தக் கடிதம் இருக்கும். எண்ணெய் பட்டிருந்தால் என்னைத் திட்டாதே. பேப்பர் அப்பாவின் பழைய லாரிக் கணக்குப் புத்தகத்தில் கிழித்தது. பின்பக்கத்தில் டீசல் கணக்கு இருக்கும், அதைப் படிக்காதே.

போனில் சொல்லக்கூடாதா என்பாய். போனை எடுத்தால் என் வாயில் முதலில் வருவது 'பசியாறிட்டியா?' நீ 'ம்' என்பாய். 'என்ன சாப்பிட்ட?' என்பேன். 'ரொட்டி' என்பாய். அப்புறம் போனை அப்பாவிடம் கொடுத்துவிடுவேன். போன மாதம் நீ சிரித்துக்கொண்டேதான் கேட்டாய்: "உங்களுக்கு இதைத் தவிர வேற கேள்வியே தெரியாதாம்மா?" நானும் சிரித்துவிட்டு வைத்தேன். மறுநாள் வேலைக்குப் போகும் வழியெல்லாம் அது உள்ளே குத்திக்கொண்டே இருந்தது.

இந்தப் புதன்கிழமை ராத்திரி ரெண்டு மணிக்கு நீ அனுப்பிய பதினோரு நிமிட வாய்ஸ் மெசேஜைக் காலை பேக்டரி பஸ்ஸில் ஏறியதும் கேட்டேன். பாலத்தில் ஒரு தடவை, பாயான் லெப்பாஸில் இறங்குவதற்குள் இன்னொரு தடவை கேட்டேன். பாலம் 13.5 கிலோமீட்டர்தான், ஆனால் காலை நெரிசலில் உன் பதினோரு நிமிடம் முடிந்த பிறகும் பாலம் முடியவில்லை. முதல் தடவை கேட்டபோது எது பரீட்சை, எது அந்தப் பையன், எது அந்த விண்வெளிக் கப்பல் தொடர் என்று எனக்குப் பிரிக்கவே தெரியவில்லை. "தொடர்பு அறுந்துபோச்சு, இனிமே ஒண்ணும் பண்ண முடியாது" என்று அழுகிற குரலில் சொன்னாயே, அது கப்பலைப் பற்றி என்று மூன்றாவது தடவைதான் புரிந்தது. அதுவரை நான் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சரி, பரீட்சையை முதலில் முடித்துவிடுகிறேன். குவாண்டம் தாளில் தவறிவிட்டாய். அடுத்த பருவத்தில் திரும்ப எழுது. கடன் இன்னும் கொஞ்சம் ஏறும், ஏறட்டும். அப்பாவிடம் நானே சொல்லிவிட்டேன். "திரும்ப எழுத விடுவாங்கதானே?" என்று மட்டும் கேட்டார். பிறகு போய்ப் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றினார். அவ்வளவுதான் நடந்தது, நீ நினைத்துப் பயந்தது எதுவும் நடக்கவில்லை.

அந்தத் தொடரைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். ஆமாம், பார்த்தேன். தம்பிதான் போட்டுக் கொடுத்தான், மலாய் வசனவரியோடு. நாலு ராத்திரியில் ஆறு பாகம். அப்பா முதல் பாகத்திலேயே குறட்டை.

நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. அத்தனை பெரிய கப்பலில் ஒருத்தராவது துடைப்பத்தைத் தொட்டார்களா? தரை பளபளவென்று இருக்கிறது, யார் துடைத்தது? சுவரைப் பார்த்துச் சொன்னால் சாப்பாடு வருகிறது, அந்தத் தட்டை யார் கழுவுகிறார்கள்? இரண்டாவது பாகத்தில் கப்பல் வெடிக்கும்போது 'டமார்' என்று சத்தம். காற்றில்லாத இடத்தில் சத்தம் எப்படிக் கேட்கும் என்று படிவம் இரண்டு படிக்கும்போதே நீ அப்பாவோடு ஒரு மணி நேரம் சண்டை போட்டாய். இப்போது மட்டும் ஒன்றும் சொல்லாமல் பார்க்கிறாயே!

எனக்குப் பிடித்த இடம் வேறு. வெளியே போய்விட்டுக் கப்பலுக்குள் வருகிறவர்கள் ஒரு சின்ன அறையில் நின்று, கதவு மூடி, காற்று 'உஸ்' என்று அடித்து, பிறகு உள்கதவு திறக்கும் பார், அந்த இடம். தம்பி அதை ரசித்து ரசித்துக் காட்டினான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் முப்பது வருடமாகத் தினமும் அப்படித்தானே வேலைக்குள் போகிறேன்? வெள்ளை ஜம்ப்சூட், தலைமூடி, முகமூடி, கையுறை. கண் மட்டும்தான் வெளியே தெரியும். ஏர் ஷவரில் கையைத் தூக்கிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றி, தூசியெல்லாம் போன பிறகுதான் உள்ளே விடுவார்கள். 2007 அக்டோபரில் நம்ம நாட்டு முதல் விண்வெளி வீரர் ஷேக் முஸாபார் ராக்கெட்டில் போன ராத்திரி உனக்கு மூன்று வயது. டிவியில் அவரைப் பார்த்துவிட்டு, "அம்மா டிரஸ்" என்று கத்தினாய். ஆபீஸ் காலண்டரில் நாங்கள் எல்லாரும் ஜம்ப்சூட்டோடு நின்ற படம் உனக்கு அந்த அளவுக்கு மனப்பாடம்.

நான் அங்கே என்ன வேலை பார்க்கிறேன் என்று உனக்கு முழுதாகச் சொன்னதே இல்லை. நீ கேட்டதில்லை, நானும் சொல்லவில்லை. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை 1972-ல் ஆரம்பித்தது. சின்னம்மா காலத்தில் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு சிப்பில் ஒவ்வொரு கம்பியாகக் கையாலேயே ஒட்டினார்கள். நான் 1993-ல் சேர்ந்தபோது ஒட்டுவதற்கு மிஷின் வந்துவிட்டது. எனக்கு அது ஒட்டியதைச் சரிபார்க்கும் வேலை. கம்பி தங்கம், தடிமன் 25 மைக்ரான், தலைமுடியைவிட மெல்லிசு. ஒன்று வளைந்திருந்தாலும், பக்கத்துக் கம்பியைத் தொட்டாலும் ஒதுக்கிவிட வேண்டும். முதல் ஒரு மாதம் தலைவலிதான். அப்புறம் ஒருநாள் நைட் ஷிப்டில் பார்க்கும்போது அது ஊர் மாதிரித் தெரிந்தது. தண்ணீர்மலைக் கோயிலுக்கு ராத்திரி ஏறி மேலே நின்று ஜார்ஜ்டவுனைப் பார்த்தால் எப்படி விளக்கு விளக்காக இருக்கும், அப்படி.

இதை நான் ஒரே ஒருத்தரிடம்தான் சொல்லியிருக்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால் அப்பா எங்கள் பஸ் நிற்கிற இடத்தில் லாரியை ஓரம் கட்டிவிட்டு நிற்பார். தெரிந்த கதைதான். தெரியாதது என்னவென்றால், அப்போது என்னைப் பார்க்க இன்னும் இரண்டு பேர் வந்து போயிருந்தார்கள், இரண்டு வீட்டிலும் எனக்கு எத்தனை வெள்ளி சம்பளம், ஓ.டி. எவ்வளவு வரும் என்று கேட்டார்கள். அப்பா மட்டும்தான், "அந்த மைக்ராஸ்கோப்புல என்ன தெரியும்?" என்று கேட்டார். நான் ஊர் மாதிரி இருக்கும் என்று சொன்னேன். "எந்த ஊரு?" என்று மறுபடி கேட்டார். வீட்டுக்கு வந்து பாட்டியிடம் இவர் போதும் என்று சொல்லிவிட்டேன். மற்றதெல்லாம் பிறகுதான் விசாரித்தோம். விசாரித்ததில் கடன் இருந்தது, அது வேறு விஷயம்.

இப்போது அந்தப் பையன். தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தான். மரியாதையான பிள்ளை. முறுக்கு நன்றாக இருக்கிறது என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டான், அதனால் அப்பாவுக்கு அவனைப் பிடித்துவிட்டது. நீ சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஏதோ கருந்துளையைப் பற்றித் தம்பிக்குச் சொல்லிக்கொண்டிருந்தாய். தம்பி வாயைத் திறந்து கேட்டான். அந்தப் பையன் போனை எடுத்துப் பார்த்தான். நீ அதைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்திவிட்டு, "சரி விடு, போரடிக்குது" என்று சொன்னாய். நான் அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்தேன். உன்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமோ என்னமோ. அம்மாக்கள் சொன்னால் பிள்ளைகள் பிடிவாதமாக எதிர்ப்பக்கம் போவார்கள் என்று பயம்.

நீ மெசேஜில், "அவனுக்கு என்மேல அன்பு இருக்கும்மா, ஆனா இதெல்லாம் சின்னப்பிள்ளைத்தனம்கிறான்" என்றாய். அன்பு இருக்கலாம். இல்லை என்று நான் சொல்லவில்லை. பிரிந்தது நல்லது என்று கைதட்டவும் மாட்டேன், ரெண்டு வருடம் கூடவே சுற்றிய பையன், உனக்கு வலிக்கும். அவனைத் திரும்பச் சேர்த்துக்கொள்வதும் விடுவதும் உன் இஷ்டம். சேர்த்துக்கொண்டாலும் முறுக்கு கொடுப்பேன். ஆனால் யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொள்வதற்காக நீ பாதியில் நிறுத்திய அந்தக் கருந்துளைக் கதை இருக்கிறதே, அதை மட்டும் விட்டுவிடாதே. தம்பி இன்னும் மீதியைக் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

வியாழக்கிழமை நடந்ததைச் சொல்ல வேண்டும். நீ மெசேஜில் வாயேஜர், வாயேஜர் என்று சொன்னாயே, அது என்ன என்று தம்பியைக் கேட்டேன். 1977-ல் அனுப்பிய விண்கலம், இன்னும் போய்க்கொண்டிருக்கிறது, அங்கிருந்து ஒரு செய்தி வர 22 மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று சொன்னான். 2023 நவம்பரிலிருந்து அது அர்த்தமில்லாமல் என்னென்னமோ அனுப்பிக்கொண்டிருந்ததாம். மாதக்கணக்கில் தேடிப் பார்த்ததில் ஒரு சிப் கெட்டுப்போயிருந்தது. எனக்கு உடனே காது நிமிர்ந்துவிட்டது. நம்ம வேலையாச்சே! அவ்வளவு தூரத்தில் யார் போய் மாற்றுவது? அந்தச் சிப்பில் இருந்ததை மொத்தமாக வைக்க வேறு இடமும் இல்லை. துண்டு துண்டாகப் பிரித்து, காலியாக இருந்த இடங்களில் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வைத்தார்களாம். 2024 ஏப்ரல் 18 கட்டளை அனுப்பி, 20-ஆம் தேதிதான் பதில் வந்ததாம். ரெண்டு நாள் அந்த ஆட்கள் எப்படிச் சோறு தின்றிருப்பார்கள்? நீ மெசேஜைப் பார்த்ததற்கு அடையாளமாக அந்த நீல டிக் வருகிறதா என்று நான் பார்த்துக்கொண்டிருப்பது போலத்தான் இருந்திருக்கும்.

அதில் ஒரு தங்கமுலாம் பூசிய இசைத்தட்டும் இருக்கிறது, 55 மொழிகளில் வணக்கம் சொல்லியிருக்கிறார்கள் என்றான். அப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார். "தமிழ் இருக்கா?" தம்பி பட்டியலைத் தேடினான். தெலுங்கு இருக்கிறது, கன்னடம் இருக்கிறது, சிங்களம் இருக்கிறது. தமிழ் இல்லை. அப்பாவுக்கு வந்ததே கோபம், நாசாவுக்குக் கடிதம் எழுத வேண்டும் என்றார். மலாயும் இல்லை, இந்தோனேசிய மொழிதான் இருக்கிறது. சரி, நம் வீட்டில் புரிகிற மாதிரி இதையும் ஆங்கிலத்தையும் தவிர ஒன்றுமே இல்லையா என்று தம்பி ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வந்தான். அமோய் என்று ஒரு சீனப் பேச்சு வந்தது. ஒரு பெண் குரல்.

பாப்பா, எனக்குப் புரிந்தது! வசனவரி இல்லாமல். முப்பது வருடம் என் லைனில் இருக்கிற சீனத் தோழிகளோடு ஹொக்கியனில் பேசிப் பேசி வந்த காது. உச்சரிப்பு கொஞ்சம் வேறு, ஆனால் நம் பினாங்கு ஹொக்கியனுக்குச் சொந்தக்காரிதான். விண்வெளி நண்பர்களே, நல்லா இருக்கீங்களா என்று கேட்டுவிட்டு, அடுத்த வரியே என்ன தெரியுமா? சாப்பிட்டாச்சா என்று கேட்கிறாள். 'சியா பா புவே?' தினமும் காலையில் லாக்கர் பக்கத்தில் என் தோழி என்னைக் கேட்கிற அதே கேள்வி. பா என்றால் வயிறு நிறைவது, நம்முடைய 'பசியாறிட்டியா'வேதான். நேரம் இருந்தால் எங்கள் வீட்டுப் பக்கம் வந்துவிட்டுப் போங்கள் என்று முடிக்கிறாள். நான் திரும்பத் திரும்ப அதையே போடச் சொன்னேன். தம்பிக்கு வெறுத்துவிட்டது.

ஆக, நீ இனிமேல் என்னைக் கிண்டல் செய்ய முடியாது. முகம் தெரியாத ஒருத்தர் கிடைத்தால் கேட்பதற்கு அந்தப் பெண்ணுக்கே அதுதான் தோன்றியிருக்கிறது. இருந்தாலும் நீ சொன்னதில் நியாயம் இருக்கிறது, அதற்காக வேறு கேள்வி ஒன்று வைத்திருக்கிறேன். ஆறாவது பாகத்தில் அந்தக் கேப்டனுக்கு வீட்டிலிருந்து செய்தி வருகிறது, அவள் அதைத் திறந்து பார்க்காமலே படுத்துவிடுகிறாள். ஏன்? தம்பி ஒரு காரணம் சொல்கிறான், எனக்கு அது சரியாகப் படவில்லை. நீ சொல். ஏழாவது பாகத்தில் வருவதைச் சொல்லாமல் சொல். வாய்ஸ் மெசேஜாகவே அனுப்பு, எவ்வளவு நீளம் வேண்டுமானாலும். பாலம் நீளமாகத்தான் இருக்கிறது.

அடுத்த மாதம் எனக்கு நாலு நாள் லீவு வருகிறது. பட்டர்வொர்த்தில் இ.டி.எஸ். ரயில் ஏறினால் நாலு மணி நேரம், சென்ட்ரலில் இறங்கி எல்.ஆர்.டி.யில் நாலாவது நிறுத்தம், எனக்கு வழி தெரியும். நீ வரவேண்டாம் என்றால் வரமாட்டேன். வேண்டாம் என்று சொல்லமாட்டாய்தானே?

அம்மா

பி.கு. டப்பா டப்பர்வேர். போன தடவை கொடுத்ததில் மூடி மட்டும்தான் திரும்பி வந்தது. இந்தத் தடவை இரண்டும் வரவேண்டும்.