தனிக்குடித்தனம் போன ஃப்ரெடி

மாப்ள சங்கரு,

உன் மெயில் வந்து ரொம்ப நாளாச்சு, பதில் போடலன்னு திட்டாத. இங்க வீட்ல பெயின்ட் வேலை ஓடுது, ஹால் சாமானெல்லாம் என் ரூம்ல, என் ரூம் சாமான் மொட்டை மாடியில, லேப்டாப் சார்ஜர் எந்த அட்டைப்பெட்டியில போச்சுன்னு தேடறதுலயே பொழுது போயிடுச்சு. பொண்ணு செகண்ட் இயர் வந்துட்டா, ஹாஸ்டல் சாப்பாடு புடிக்கலன்னு வாரா வாரம் வந்து நிக்கறா. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, இப்ப பேப்பரை முதல் பக்கத்துல இருந்து கடைசி வரைக்கும் படிச்சுட்டு என்கிட்ட அரசியல் பேசறாரு, நாந்தான் மாட்டிக்கிட்டேன்.

சரி, விஷயத்துக்கு வரேன். குயின் பேண்டோட பாடகன் ஃப்ரெடி மெர்க்குரி தனியா போட்ட சோலோ ஆல்பம் மிஸ்டர் பேட் கை, அதைப் போய் "கீபோர்டு சத்தம் தவிர ஒண்ணும் இல்ல, குயின் இல்லாம ஃப்ரெடி இல்ல"ன்னு ஒரே வரில முடிச்சிட்டியே, படிச்சதும் எனக்கு சுர்ருன்னு ஏறுச்சு. அதுவும் நீ இருக்கற மியூனிக்லயே செஞ்ச ஆல்பம்டா அது! அரபெல்லா ஹவுஸ்னு ஒரு பெரிய கட்டடம் இருக்குல்ல, அதோட பேஸ்மென்ட்லதான் டிஸ்கோ ப்ரொட்யூசர் ஜார்ஜியோ மொரோடர் ஆரம்பிச்ச மியூசிக்லேண்ட் ஸ்டூடியோ இருந்துச்சு. குயினோட தி கேம் ஆல்பமும் அங்கதான். அப்ப ப்ரொட்யூஸ் பண்ண ரைன்ஹோல்ட் மாக் தான் இதுலயும் ஃப்ரெடி கூட உக்காந்து பண்ணது. அதே ஸ்டூடியோ, அதே ஆளு, அதே குரல், குயின்ல மத்த மூணு பேர் மட்டும் இல்ல, அவ்ளோதான்.

1985 ஏப்ரல்ல வந்துச்சு, மொத்தம் 11 பாட்டு. ஒரு பக்கம் டிஸ்கோ, திடீர்னு ரெக்கே சாயல்ல மை லவ் இஸ் டேஞ்சரஸ், டைட்டில் பாட்டுக்கு ரைனர் பீட்ச்னு ஒருத்தர் அரேஞ்ச் பண்ண முழு ஆர்கெஸ்ட்ரா, நடுவுல பியானோ வச்சு உருகற பாட்டு. கவர்ல ஆல்பத்தை ஜெர்ரிங்கற தன் பூனைக்கு சமர்ப்பணம் பண்ணி, கூடவே மத்த பூனைங்க பேரையும் போட்டு, உலகத்துல பூனை வளர்க்கற எல்லாருக்கும்னு சொல்லி, மத்தவங்க எக்கேடோ கெட்டுப் போங்கன்னு அர்த்தம் வர்ற மாதிரி முடிச்சிருப்பான். அந்த மத்தவங்க லிஸ்ட்ல நீயும் இருக்க.

இவன் சின்ன வயசுல நம்ம பஞ்சகனியில செயின்ட் பீட்டர்ஸ் ஸ்கூல்ல படிச்சப்போ ஹெக்டிக்ஸ்னு ஒரு பசங்க பேண்ட் இருந்துச்சே, அதுல அவன் முன்னாடி நின்னு பாடற ஆள் இல்ல, பியானோ வாசிக்கற பையன். இந்த ஆல்பத்தைக் கேக்கும்போது எனக்கு அந்தப் பையன்தான் தெரியறான். ஒவ்வொரு பாட்டும் கீபோர்டு முன்னாடி உக்காந்து யோசிச்ச பாட்டு. நீ கிட்டாரைத் தேடிக்கிட்டு உள்ள போனா ஏமாந்துதான் வருவ, குயின் கிட்டாரிஸ்ட் ப்ரையன் மே வீட்டுக்குப் போய்தான் தேடணும்.

சரி, அப்ப கேட்டவங்க என்ன பண்ணாங்க? இங்கிலாந்துல ஆறாவது இடம் வரைக்கும் போச்சு, மோசம் இல்ல. ஐ வாஸ் பார்ன் டு லவ் யூ சிங்கிள் 11 வரைக்கும் வந்துச்சு. ஆனா அமெரிக்காவுல 159, அதாவது கண்டுக்கவே இல்ல. அங்க ஏற்கனவே 1982ல ஹாட் ஸ்பேஸ்னு ஒரு ஆல்பம் போட்டு டான்ஸ் பக்கம் போனதுக்கே குயின் மேல கடுப்புல இருந்தாங்க, அப்புறம் 84ல நாலு பேரும் பொம்பளை வேஷம் போட்ட ஐ வான்ட் டு பிரேக் ஃப்ரீ வீடியோ வந்து இன்னும் கெடுத்துச்சு, அந்தச் சூட்டோட இவன் சிந்தசைசரைத் தூக்கிட்டு தனியா வந்து நின்னா என்ன ஆகும். அதுக்கப்புறம் ஜூலை 13, பஞ்ச நிவாரணத்துக்காக நடந்த லைவ் எய்ட் கச்சேரி, லண்டன் வெம்பிளியில குயின் மேடையில இருந்தது இருபது நிமிஷம் சொச்சம்தான், உலகமே வாயைப் பொளந்துட்டுப் பாத்துச்சு, அதுல சோலோ பாட்டு ஒண்ணு கூட கிடையாது. ஏப்ரல்ல வந்த ஆல்பத்தை ஆகஸ்ட்ல யார் ஞாபகம் வச்சிருப்பா.

ஆமா, நீ அந்த 2018 படம் போஹீமியன் ராப்சடியைப் பாத்துட்டு சோலோ ஆல்பத்தாலதான் குயின் உடைஞ்சுதுன்னு நம்பிட்டு இருக்கியே, அது சினிமாடா. டிரம்மர் ரோஜர் டெய்லர் 1981லயே தனி ஆல்பம் போட்டாச்சு, 84ல இன்னொண்ணு. ப்ரையன் மே 83ல ஸ்டார் ஃப்ளீட் ப்ராஜெக்ட்னு ஒண்ணு போட்டாரு. ஃப்ரெடி கடைசியாத்தான் போனான். அவன் ஆல்பம் வந்த அடுத்த மாசமே நாலு பேரும் ஜப்பான்ல ஒண்ணா மேடையில வாசிச்சுட்டு இருந்தாங்க. எங்க உடைஞ்சுது சொல்லு?

அப்புறம் ஏன் இவன் மேல மட்டும் அந்தக் கோவம்னு யோசிச்சேன். எனக்குத் தோணறது இதான். கூட்டுக்குடும்பத்துல இருந்து ஒரு பையன் வெளிநாட்டுக்கே போயிட்டா ஊர்ல பெருமையா பேசுவாங்க, அதே பையன் அடுத்த தெருவுல தனிக்குடித்தனம் போனாத்தான் ஆயிரம் பேச்சு வரும். மிஸ்டர் பேட் கை அடுத்த தெரு. குயின் பண்ணியிருக்கக்கூடிய பாட்டுங்கதான், அதனால கேக்கறவன் ஒவ்வொரு இடத்துலயும் இங்க கிட்டார் வந்திருக்கணுமே, இங்க நாலு பேர் கோரஸ் ஏறியிருக்கணுமேன்னு இல்லாததையே கேட்டுட்டு இருக்கான். அதே ஆளு ரெண்டு வருஷம் கழிச்சு மொன்செராட் கபாயேங்கற ஓபரா பாடகியோட பார்சிலோனா பாடினப்ப யாரும் ப்ரையன் மே எங்கன்னு கேக்கல. இங்கிலாந்துல 87ல எட்டாவது இடம், 92ல பார்சிலோனா ஒலிம்பிக்ஸ் சமயத்துல திரும்ப வந்து ரெண்டாவது இடம், அதுக்குள்ள அவன் போய்ச் சேந்துட்டான். ராக் பாடகன் ஓபரா பாடறதை ஏத்துக்கிட்டாங்க, டிஸ்கோ பாடறதை ஏத்துக்கல, இதுல எது பெரிய தாவல்னு நீயே சொல்லு.

ஹெட்ஃபோன் போட்டு ஒரு வேலை பண்ணு. ஐ வாஸ் பார்ன் டு லவ் யூ 85 வெர்ஷன் முதல்ல, அதுக்கப்புறம் உடனே 1995ல மேட் இன் ஹெவன் ஆல்பத்துல மத்த மூணு பேரும் சேந்து திரும்பப் பண்ண வெர்ஷன். குரல் அதே குரல்தான். பின்னாடி ரோஜரோட டிரம்ஸ் விழுது, மேல ப்ரையனோட கிட்டார் ஏறுது, நடுநடுவுல எ கைன்ட் ஆஃப் மேஜிக், லிவிங் ஆன் மை ஓன் இந்த ரெண்டு பாட்டுல இருந்தும் அவன் சத்தம் போட்டதை வெட்டி எடுத்து ஒட்டியிருப்பாங்க. நல்லாத்தான் இருக்கு, உனக்கு அதுதான் புடிக்கும்னும் தெரியும். ஆனா எனக்கு 85 தான். அதுல அவன் கூட யாரும் ஓடி வரல, தனியா சிரிச்சுக்கிட்டே ஓடறான். ராக் பாட்டா மாத்தினதும் அந்தக் கிறுக்கு சந்தோஷம் கொஞ்சம் கொறைஞ்சு போச்சு. நாடகமா ஆகிடுச்சுன்னு வேணா வச்சுக்கோ.

லிவிங் ஆன் மை ஓன் கதை இன்னும் வேடிக்கை. தனியா இருக்கேன்னு புலம்பற பாட்டு, ஆனா ஓடறது டான்ஸ் ஃப்ளோர்ல, நடுவுல வார்த்தையே இல்லாம ஜாஸ் ஆளுங்க மாதிரி நாக்கைச் சுழட்டி ஒரு ஸ்கேட் பாடுவான் பாரு, அந்த இடத்துக்காகவே நான் திரும்பத் திரும்பப் போடுவேன். அதுக்கு வீடியோ எடுத்தது உங்க ஊர்ல அவனோட 39வது பொறந்தநாள் பார்ட்டியில, எல்லாரும் கருப்பு வெள்ளை டிரஸ், பாதி ஆம்பளைங்க பொம்பளை வேஷம். 85ல இங்கிலாந்துல 50வது இடத்தோட அந்தப் பாட்டு செத்துப்போச்சு. 1993ல, அவன் செத்து ரெண்டு வருஷம் கூட ஆகல, நோ மோர் பிரதர்ஸ்னு ஒரு குரூப் ரீமிக்ஸ் பண்ணி விட்டாங்க, நம்பர் ஒன்! டான்ஸ் பாட்டுன்னு தள்ளி வச்சதை இன்னும் டான்ஸா ஆக்கித்தான் தலையில தூக்கி வச்சு ஆடுனாங்க. ஆள் இருந்தா குறை, போனா குலதெய்வம், நம்ம ஊர் மட்டும் இல்ல எல்லா ஊரும் இப்படித்தான் போல.

நான் எல்லாம் சூப்பர்னு சொல்ல வரலடா. லவ் மீ லைக் தேர்ஸ் நோ டுமாரோ எனக்கு இனிப்பு ஜாஸ்தி. ஃபூலிங் அரவுண்ட் வந்தா பாதி நாள் தாண்டிடுவேன். டிரம்ஸ் சவுண்ட்ல 1985 அப்படியே ஒட்டிக்கிட்டு இருக்கு, அதை 2019ல திரும்ப மிக்ஸ் பண்ணி கொஞ்சம் சுத்தம் பண்ணியிருக்காங்க, நீ கேட்டது பழசா இருந்தா இதையும் கேளு. தேர் மஸ்ட் பி மோர் டு லைஃப் தேன் திஸ் பாட்டை முதல்ல மைக்கேல் ஜாக்சனோட சேந்து பாடிப் பாத்தாங்க, முடிக்கல, அந்த ரெண்டு பேர் பாடினது 2014ல தான் வெளியவே வந்துச்சு. ரெண்டையும் வச்சுப் பாத்தா ஃப்ரெடி தனியா பாடினதுதான் எனக்குப் பெட்டர், ஜாக்சன் ரசிகனான நீ சண்டைக்கு வருவ, வா.

இன்னொண்ணு, அரபெல்லா ஹவுஸ் பக்கம் போனா ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, பேஸ்மென்ட்டுக்கு இறங்கற வழி ஏதாவது தெரிஞ்சா அதையும். உன் மகன் வீடு மாறிட்டானா, வாடகை அந்த ஊர்ல தலையை எடுக்குதுன்னு சொன்னியே, என்ன ஆச்சு? டிசம்பர்ல நீ வர்றது உறுதின்னா இப்பவே சொல்லு, பெயின்ட் வேலை முடிஞ்சிருக்கும், மாடி ரூம் காலி பண்ணி வைக்கறேன், ஸ்பீக்கரும் அங்கதான் போடப் போறேன். அதுக்குள்ள ரெண்டு வெர்ஷனையும் கேட்டுட்டு எழுது, 95 தான் பெஸ்ட்னு எழுதினா சோறு கிடையாது.

உன்,
பாலு